கோபுரத்துக்குக் கீழே நின்றவர்

இராமாநுசர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறிய கதையை இருபத்திரண்டு ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறேன். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் முருகனைத்தான் கும்பிடுவார்கள். ஆனாலும் வைணவ இலக்கியப் பாடம் என் பொறுப்புக்கு வந்த நாள் முதல் அந்தக் கதை எனக்குச் சொந்தமாகிவிட்டது. பதினெட்டு முறை நடையாய் நடந்து பெற்ற மந்திரப் பொருள் அது. யாருக்கும் சொல்லாதே, சொன்னால் நரகம் என்று எச்சரித்துத்தான் திருக்கோட்டியூர் நம்பி அதைக் கொடுத்தார். கேட்டவர் கோபுரத்தில் ஏறி ஊரையே கூட்டி உரக்கச் சொல்லிவிட்டார். நான் ஒருவன் நரகம் போனால் என்ன, இத்தனை பேர் கரையேறுவார்களே என்றார். இந்த இடம் வரும்போது ஒவ்வோர் ஆண்டும் என் குரல் தழுதழுக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், இந்த வகுப்பு முடிந்ததும் முதல் வரிசையில் இருந்த மாணவி தன் நோட்டை என்னிடம் நீட்டினாள். பிறவியிலேயே காது கேளாதவள். பென்சிலில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: “அந்தக் கூட்டத்தில் என்னைப் போல ஒருவர் நின்றிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் ஐயா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்று அதே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த நாளைக்கு நெடுநாள் ஆகிவிட்டது.

அவள் கேட்டது சமயக் கேள்வி என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். கொடுத்தல் எங்கே முடிகிறது? கொடுப்பவன் வாயிலேயே முடிந்துவிடுகிறதா, கொள்பவன் நெஞ்சில் போய்ச் சேரும்போதுதான் முடிகிறதா? அருள் எல்லோருக்கும் பொது என்று அறிவித்துவிட்டால் போதுமா? இரவெல்லாம் இதை எண்ணிக் கிடந்தபோதுதான் உறைத்தது, அவள் இராமாநுசரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. இரண்டு பருவங்களாக என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். நான் நடந்துகொண்டே பேசுகிறவன். பாதி நேரம் கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவேன். முகத்தைக் காட்டிப் பேசினாலும் உதட்டசைவை வைத்துத் தமிழைப் பிடிப்பது எளிதில்லை. பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு ஒன்றுபோலத்தான் சேரும். நான் ‘மால்’ என்ற இடத்திலெல்லாம் அவள் ‘பால்’ என்று எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தைப் பிறகு பார்த்தேன். திருமாலைப் பற்றிய அத்தனை வரியும் பாலைப் பற்றியதாகக் கிடந்தது. ஒரு பருவம் முழுக்க அவள் அதை வைத்துக்கொண்டு பொருள் தேடியிருக்கிறாள்.

யாருக்குக் கற்பிக்கலாம் என்ற கேள்வி நம் மொழியில் பழையது. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் அதற்குப் பட்டியலே போட்டிருக்கிறார். தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன், பொருளை மிகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதைச் சட்டென்று பற்றிக்கொள்பவன் – இவர்கள் மாணவர்கள். கற்பிக்கக் கூடாதவர்கள் பட்டியல் இன்னும் நீளம். கள்வனும் சினத்தனும் அதில் உண்டு, அது கிடக்கட்டும். பிணியன் உண்டு, துயில்வோன் உண்டு, மந்தன் உண்டு. பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறும் மனமுடையவனும் உண்டு. மாணவர்களைத் தலை, இடை, கடை என்று தரம் பிரித்துக் கடைசியில் ஓட்டைக் குடத்தையும் எருமையையும் பன்னாடையையும் வைத்தார்கள். பிள்ளைகளைத் திட்டும் ‘பன்னாடை’ இன்றும் நம் வாயில் இருக்கிறது.

இந்தப் பகுதியை நடத்தும்போது என் வகுப்பை ஒரு சுற்றுப் பார்ப்பேன். பவணந்தியார் விலக்கச் சொன்னவர்கள் எல்லோரும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அதே பாயிரத்தில், பாடம் சொல்லும் முறையைப் பேசுகிற இடத்தில், அவரே ‘கொள்வகை’ என்றொரு சொல்லை வைத்திருக்கிறார். கேட்பவன் எந்த வகையில் வாங்கிக்கொள்கிறானோ அதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்கும்படி, கோணாத மனத்தோடு கொடுக்க வேண்டும் என்கிறார். ஒரே ஆசிரியர், ஒரே பாயிரம். ஒரு சூத்திரம் மாணவனின் தகுதியைக் கேட்கிறது, இன்னொன்று ஆசிரியனின் தகுதியைக் கேட்கிறது. முதலாவதை நாம் வளர்த்த அளவுக்கு இரண்டாவதை வளர்க்கவில்லை.

இந்த ஊருக்கே அந்தத் தகுதிக் கணக்கு உண்டு. பல்லவர் காலத்துக் காஞ்சிக் கடிகை புகழ்பெற்ற கல்விச்சாலை. கதம்பர் குலத்து மயூரசர்மன் தன் குருவோடு இங்கே படிக்க வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு சொல்கிறது. வேதம் ஓதும் குலத்தவனாக வந்தான். பாவு நீட்டும் தெருவிலிருந்து ஒருவன் போய் அந்த வாசலில் நின்றிருக்க முடியாது. காஞ்சியில் பிறந்த தருமபாலர் நாளந்தாவின் தலைமைக்கு உயர்ந்தார். அவருடைய மாணவர் சீலபத்திரரிடம் பாடம் கேட்டவர் யுவான் சுவாங். நாளந்தாவின் வாயிற்காவலரே கடினமான கேள்விகள் கேட்பார்கள், பத்துக்கு ஏழெட்டுப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். அதைப் பெருமையாகவே எழுதியிருக்கிறார். நானும் இளமையில் பெருமையாகவே வாசித்தேன். திரும்பிப் போன அந்த ஏழெட்டுப் பேரின் முகத்தை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இன்று வாசலில் அந்தக் காவலர் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் 21 வகையாயின. அரசின் உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு நிதியுதவி பெறுபவற்றிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் தர வேண்டும் என்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பட்ட வகுப்புகள் நடக்கின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை உண்டு. இவை எல்லாம் போராடிப் பெற்றவை, சிறியவை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் காவலர் ஒரேயடியாகப் போய்விடவில்லை. வகுப்பறைக்குள் வந்து மேசைக்குப் பின்னால் நிற்கிறார். இரண்டு பருவங்கள் அந்த இடத்தில் நின்றது நான்.

அந்த ஆண்டு என் வகுப்பில் அவளைத் தவிர இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவன் பார்வையற்றவன். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளை மடிக்கணினியில் வைத்திருந்தான், காதொலிப்பானில் அதைக் கேட்டுப் படிப்பான். என் பாடக்குறிப்புகளைக் கேட்டான். பெருமையோடு கொடுத்தேன். மறுநாள் வந்து, “ஐயா, ஒன்றும் புரியவில்லை, உளறுகிறது” என்றான். பதினைந்து ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டிய குறிப்புகள் அவை. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு உள்ளே அது வெறும் ஆங்கில எழுத்துகளின் குப்பை. தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோடை)த் தரமாக ஏற்று ஆணையிட்டிருந்தது. என் குறிப்புகள் மட்டும் பழைய எழுத்துருவிலேயே நின்றிருந்தன, நின்றது தெரியாமலே அவற்றை ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மற்றவன் துயில்வோன். கடைசி வரிசையில் முதல் பாடவேளையிலேயே தலை சாய்ந்துவிடும். இரண்டு முறை எழுப்பி வெளியே அனுப்பினேன். நெசவாளி மகன் நான், தறிக்காரன் பிள்ளை ஆவணி முகூர்த்தத்துக்கு முன் ஏன் தூங்குகிறான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. இரவு பதினொரு மணி வரை இவன்தான் தறியில் உட்காருகிறான். சேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. இதை அவன் சொல்லவில்லை, அவன் தெருவில் இருக்கும் என் அக்கா சொன்னாள்.

என் சித்தப்பா ஒருவருக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. குழித்தறியில் இரண்டு காலும் மாறி மாறி மிதிக்க வேண்டும். அவரைத் தாத்தா தறிக்குத் தகுதியில்லாதவன் என்று ஒதுக்கவில்லை. குழியை ஒரு பக்கம் அகலப்படுத்தினார். இரண்டு மிதிக்கட்டைகளும் இடது காலுக்கு எட்டும்படி கயிற்றை மாற்றிக் கட்டினார். பலகையைச் சற்றுச் சாய்த்தார். மூன்று நாள் வேலை. அண்ணன் ஒரு சேலை முடிக்கும் நாளைவிடச் சித்தப்பாவுக்கு நான்கைந்து நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். அவர் நெய்த சேலையைக் கடையில் விரித்துப் பார்த்தவர் யாரும் அது எந்தக் காலால் மிதித்தது என்று கேட்டதில்லை. எங்கள் தொழிலில் குழி ஆளுக்குத் தக்கபடிதான் வெட்டப்படும். உயரமானவனுக்கு ஆழம், குள்ளனுக்கு மேடு. கல்லூரியில் மட்டும் ஒரே குழியை வெட்டி வைத்துவிட்டு, காலை அதற்கேற்ப வளர்த்துக்கொண்டு வா என்கிறோம்.

ஆனால் தறியைப் புகழ்ந்து இதோடு நிறுத்தினால் நான் பொய் சொன்னவனாவேன். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நிறம், மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் கரை நாடாவை எறிய ஓர் உதவியாள் தேவை. அந்த ஆள் பல வீடுகளில் ஒரு குழந்தை. எட்டு வயதில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் உயரத்துக்கு ஒரு சின்னப் பலகை போட்டுக் கொடுத்தார்கள், என் கைக்குத் தகுந்த நாடா கொடுத்தார்கள். எல்லாம் எனக்கு ஏற்றபடிதான் இருந்தது. பள்ளிக்கூடம்தான் இல்லை. என்னோடு உட்கார்ந்த இரண்டு பேர் அந்தப் பலகையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆகவே ஆளுக்குத் தகுந்தபடி அமைப்பது மட்டும் அறமாகிவிடாது. யாருக்காக அமைக்கிறோம் என்று கேட்க வேண்டும். ஆய்வுக் குழு வரும் வாரத்தில் சாய்தளம் கட்டி, அவர்கள் போனபின் அதன் மேல் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்த ஒரு கல்லூரியைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாய்தளம் சக்கர நாற்காலிக்காகக் கட்டியது இல்லை.

வகுப்பு நடத்தும் முறையில் மாற்றங்களைச் செய்யத் தொடங்கியபோது சக ஆசிரியர் ஒருவர் அக்கறையோடுதான் கேட்டார்: “ஒருத்திக்காக அறுபது பேரை நிறுத்தி வைக்கலாமா?” நியாயமான கேள்வி. என்னிடம் அதற்கு வாதம் எதுவும் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் ஒவ்வொரு வைகாசியிலும் நடப்பதைத்தான் சொன்னேன்.

வரதராசர் கோயில் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவை. விடியுமுன்பே தெருவெல்லாம் தலைகள். கோபுர வாசலில் பெருமாள் வந்து நிற்கும் நேரத்துக்காக எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் இரவெல்லாம் காத்திருப்பார்கள். சரியாக அந்த இடத்தில் குடைகளைச் சாய்த்துப் பெருமாளை மறைத்துவிடுவார்கள். சில நொடிகள் யாருக்கும் காட்சி இல்லை. காரணம் சோளிங்கரில் வாழ்ந்த தொட்டையாச்சாரியார். ஆண்டுதோறும் கருட சேவைக்கு நடந்து வந்தவர், ஓராண்டு உடம்பு முடியாமல் வர இயலவில்லை. சோளிங்கரில் தக்கான் குளக்கரையில் நின்று அழுதார். வரதர் அந்தக் குளக்கரைக்கே கருடன் மேல் போய்க் காட்சி கொடுத்தார் என்பது மரபு. அந்த நேரத்தில் காஞ்சியில் பெருமாள் இல்லை, அதனால்தான் குடை.

எத்தனையோ ஆண்டுகளாக அந்தக் குடை அந்த இடத்தில் சாய்கிறது. எண்ண முடியாத கூட்டம், வர முடியாமல் போன ஒருவருக்காகக் காத்து நிற்கிறது. என் பங்கு குறைந்துவிட்டதே என்று யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. குடை விலகியதும் எழுகிற சத்தம், மறைப்பதற்கு முன் இருந்ததைவிடப் பெரிதாக இருக்கும். நெருக்கியடித்து நிற்பவர்களுக்கு அந்த நொடிகளில் ஏதோ ஒன்று கிடைக்கிறது என்றே நான் நினைக்கிறேன். தங்களுக்கு இருப்பது ஒருவருக்கு இல்லை என்ற நினைவு கிடைக்கிறது. சக ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தன் குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித்தர ஆள் தெரியுமா என்று கேட்டார்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உற்சவர் தெருவுக்கு வருவதை நாம் எளியாருக்கு எளியன் என்று கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் நூற்றாண்டுகளாக அது, உள்ளே வராதே, வெளியில் பார்த்துக்கொள் என்பதற்கும் பயன்பட்டது. அந்தத் தெருவிலும் சிலருக்கு நிற்க இடமில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம் வந்த பிறகே கருவறைக்கு எதிரில் எல்லோரும் நிற்கும் உரிமை சட்டமானது. வகுப்பறையிலும் இந்த ஆபத்து இருக்கிறது. ‘வீட்டிலிருந்தே ஒளிப்பதிவைப் பார்த்துக்கொள், வகுப்புக்கு வந்து சிரமப்படாதே’ என்று கனிவோடு சொல்லும் குரலை நம்பாதீர்கள். தெருவுக்கு வருவதும் வேண்டும், வாசலும் திறக்க வேண்டும்.

தூப்புல் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். வேதாந்த தேசிகர் 1268-இல் அங்கே பிறந்தார். அவர் வழியினருக்கும் தென்கலையாருக்கும் நடுவில் உள்ள பழைய விவாதம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், நீதிமன்றம் வரை போன சண்டைகளும் தெரியும். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு கட்சி. பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது மறு கட்சி. ஆசிரியர் அறையிலும் இதே இரண்டு கட்சிதான், பெயர்தான் வேறு. படிக்கிற பிள்ளை எப்படியும் படித்துவிடும் என்பார் ஒருவர். எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டும் என்பார் இன்னொருவர். நான் இரண்டிலும் சேரவில்லை. குரங்குக்குட்டி பற்றிக்கொள்வது உண்மைதான், ஆனால் பற்றிக்கொள்ளத் தாயின் வயிற்றில் மயிர் இருக்கிறது. வழுவழுப்பான பாறையைக் காட்டிப் பற்றிக்கொள் என்றால் எந்தக் குட்டி பற்றும்? முயற்சி மாணவருடையது. பிடிமானம் என்னுடைய வேலை. ஒரு வாரம் முன்பே கையில் கிடைக்கும் குறிப்பு ஒரு பிடிமானம். முகத்தைக் காட்டிப் பேசுவதும், கடினமான சொல்லைப் பலகையில் எழுதுவதும், படத்தைக் காட்டினால் அதில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்வதும் பிடிமானங்கள்தான்.

தேசிகரிடம் எனக்கு மிகவும் பிடித்த சொல் ஆகிஞ்சன்யம். தன்னிடம் எதுவும் இல்லை என்ற நிலை. மற்ற வழிகளுக்கெல்லாம் வேதம் ஓதியிருக்க வேண்டும், குலம் வேண்டும், உடம்பு ஒத்துழைக்க வேண்டும். சரணாகதிக்கு ஒன்றும் இல்லாமையே தகுதி. இந்த ஊரில் எழுந்த சிந்தனைகளில் இதைவிடத் துணிவானது எனக்குத் தெரியவில்லை. தகுதி என்ற சொல்லையே தலைகீழாக்கிப் போடுகிறது. பவணந்தியார் விலக்கிய மந்தனும் அஞ்சித் தடுமாறுகிறவனும் இங்கே முதல் வரிசைக்கு வந்துவிடுகிறார்கள். இதைச் சைகையில் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் வகுப்பில் கேட்டேன். அதற்குள் ஏழெட்டுப் பேர் அவளிடம் சைகை கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு ஒன்று செய்து பார்த்தார்கள். அவள் எழுந்து இரண்டு உள்ளங்கைகளையும் வெறுமையாக விரித்துக் காட்டினாள், பிறகு அப்படியே மேலே தூக்கினாள். நான் இரண்டு பாடவேளை எடுத்துச் சொன்னது அதில் இருந்தது. இப்போதும் அந்தப் பாடத்தை அந்தக் கைகளைக் காட்டித்தான் தொடங்குகிறேன்.

ஒருவருக்காகச் செய்தது அவரோடு நிற்கவில்லை. பார்வையற்ற மாணவனுக்காக ஒலிப்பதிவு செய்த பாடங்களைத் தூங்கிக்கொண்டிருந்தவன் வாங்கிப்போனான். இரவில் காதில் மாட்டிக்கொண்டு, நாடா எறிந்தபடியே கேட்டான். அவளுக்காக எழுதிய குறிப்புகளை, வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி எல்லோரையும் விட ஆவலாகப் படித்தாள். நன்னூலாரிடமே இதற்குக் கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் ஏறும். இன்னொரு கால் உடன் படிப்பவர்களோடு பழகுவதில் வரும். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும். அந்த முக்கால் பங்குக்கு நம் கால அட்டவணையில் இடமே இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரத்தை அதற்கு விட்டேன். பார்வையற்றவனுக்குக் கோர்வையை விளக்க, தூங்கியவன் வீட்டிலிருந்து ஒரு துண்டுச் சேலை கொண்டுவந்தான். கரை சேரும் இடத்தை விரல் நுனியால் அவன் கண்டுபிடித்ததை எல்லோரும் பார்த்தோம்.

தேர்வில்தான் நான் திணறினேன். அவளுடைய விடைத்தாளில் கருத்து தெளிவாக இருந்தது, வேற்றுமை உருபுகள் தடம் மாறிக் கிடந்தன. சைகையிலேயே சிந்தித்து வளர்ந்தவளுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. முதல் பருவத்தில் உருபுக்கு உருபு மதிப்பெண் குறைத்திருந்தேன். இலக்கணத் தாளில் அது சரி. சரணாகதியைக் கேட்கும் தாளில் நான் எதை அளக்கிறேன்? எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள ஒருவருக்குக் குடிமைப்பணித் தேர்வில் எழுத உதவியாளர் மறுக்கப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைப் பாகுபாடு என்றே சொன்னது. கையின் வேகம் அறிவின் அளவு ஆகாது.

கூரத்தாழ்வாருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். கூரம் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இராமாநுசர் ஸ்ரீபாஷ்யம் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர். ஒத்துக்கொள்ள முடியாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்திவிடுவாராம், ஆசான் மீண்டும் யோசிப்பாராம். பிறகு சோழன் அவையில் தம் சமயத்தை விட்டுக்கொடுக்க மறுத்துக் கண்களை இழந்தார். வரதராச ஸ்தவம் அதற்குப் பின் பாடியது. ஒரு காலத்தில் இன்னொருவருக்காக எழுதியவர் சொல்ல, இப்போது மற்றவர்தான் ஏட்டில் இறக்கியிருக்க வேண்டும். பார்வையைக் கேள் என்று ஆசான் அனுப்பினார். அவரோ, தம் கண் போகக் காரணமான நாலூரானுக்கும் தமக்குக் கிடைக்கும் பேறு கிடைக்க வேண்டும் என்று வரதரிடம் கேட்டார் என்கிறது மரபு. பார்வையற்றவர் எழுதியது என்பதால் அந்த நூலை யாரும் சலுகை மதிப்பெண் போட்டுப் படிப்பதில்லை.

பருவம் முடிகிற வாரத்தில் அவளுடைய நோட்டை வாங்கி, நான் கடன் வைத்திருந்த பதிலை எழுதினேன். “அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இராமாநுசர் இறங்கிவந்து அவர் எதிரில் நின்றிருக்க வேண்டும்.” அவள் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தாள். கீழே எழுதினாள்: “பக்கத்தில் நின்றவரும் சொல்லியிருக்கலாம் ஐயா.”

கற்பிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூனில் கல்லூரி திறக்கிறது. முதல் நாள் வருகைப்பதிவை எடுத்து முடித்ததும், எப்படிச் சொன்னால் உங்களுக்கு ஏறும் என்று ஒவ்வொருவரையும் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய குறிப்புகளை இப்போதே ஒருங்குறிக்கு மாற்றத் தொடங்கிவிடுங்கள். எனக்கு அதற்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் பிடித்தது.